கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? முதலில் டக்ட் சீட்டை எடுங்கள்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 57 வயது. ஒரு வருடத்துக்கும் மேலாக இடது கண்ணில் மட்டும் நீர் வடிகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, அப்புறம் தெருமுனை கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து, நடுவில் உறவுக்காரர் சொன்ன விளக்கெண்ணெய் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது கண் மருத்துவமனையில் ‘டக்ட் (கண்ணீர்க் குழாய்) அடைத்திருக்கிறது, டி.சி.ஆர். ஆபரேஷன் செய்ய வேண்டும்’ என்கிறார்கள். கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குள் புதுவழி விடுவதுதான் டி.சி.ஆர். மூக்கெலும்பில் ஓட்டை போடுவார்களாமே, முகத்தில் தழும்பு விழுமாமே, ஆபரேஷன் இல்லாமல் சரியாக வழியே கிடையாதா என்பது கேள்வி.

கண் மருத்துவத்தில் இமையும் கண்ணீர்ப்பாதையும்தான் என் பிரிவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே பத்தியில்: பெரியவர்களுக்குக் கண்ணீர்க் குழாய் முழுதாக அடைத்துவிட்டால் எந்தச் சொட்டு மருந்தும், எந்த மசாஜும் அதைத் திறக்காது, ஆபரேஷன்தான். குழாய் குறுகி மட்டும் இருந்தால் அதைவிடச் சின்ன வழிகள் சில உண்டு. குழாயில் கோளாறே இல்லாமல் வேறு காரணத்தால் நீர் வடிந்தால் டி.சி.ஆர். செய்தும் பயனில்லை. இந்த மூன்றில் அம்மா எதில் இருக்கிறார் என்பதை டக்ட் டெஸ்ட், அதாவது குழாயில் நீர் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்தபோதே எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். இமை விளிம்பில் சின்ன மேடு ஒன்று, அதன் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அதேபோல ஒன்று உண்டு. துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணை நனைத்து முடித்த நீர் இந்தத் துளைகளில் இறங்கி, சுமார் ஒரு செ.மீ. நீளமுள்ள நுண்குழாய்கள் வழியாகக் கண்ணீர்ப்பைக்குப் போகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது அந்தப் பை. அங்கிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. நீளக் குழாய் ஒன்று எலும்புக்குள்ளேயே இறங்கி மூக்கின் உட்புறத்தில் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான்.

நீர் தானாக வழிந்து போய்விடுவதில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத் தசை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. முகவாதம் வந்து ஒரு பக்க இமை சரியாக மூடாதவர்களுக்கு, பாதை நன்றாகத் திறந்திருந்தும் கன்னத்தில் நீர் வழிவதற்கு இதுதான் காரணம்.

அடைப்பு ஏன் வருகிறது? பெரும்பாலானவர்களுக்குக் கை நீட்டிக் காட்டுகிற மாதிரி ஒரு காரணம் இருக்காது. குழாயின் உள்தோல் மெல்ல மெல்ல அழற்சியில் வீங்கி, பிறகு தழும்பு விழுந்து சுருங்கிவிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம். அவர்களுக்கு அந்த எலும்புக் குழாய் இயல்பிலேயே குறுகல் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ‘அழுது அழுது அடைத்துக்கொண்டதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மை தீட்டியதால் வந்த வினை என்று அம்மாவைக் குற்றம் சொல்லவும் வேண்டாம்.

காரணம் தெரிகிற வகையும் உண்டு. பைக் விபத்தில் மூக்கெலும்பு நொறுங்கியவர்கள், சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மூக்குக்குள் தீராத அழற்சி உள்ளவர்கள் இதில் வருவார்கள். புற்றுநோய்க்கு டோசிடாக்ஸல் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு மேலே சொன்ன நுண்குழாய்கள் சுருங்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும் அடைப்பு வருவதுண்டு. கண் அழுத்தத்துக்கு வருடக்கணக்காகச் சொட்டு மருந்து விடுபவர்களுக்கும் துளை குறுகலாம். இப்படி எதுவாவது இருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணுக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்து மறைத்துவிடுகிறவர்களே அதிகம்.

இனி, அடைப்பே இல்லாமல் நீர் வடியும் கண்கள். இதில் பலர் நம்ப மறுப்பது ஒன்று: கண் உலர்ந்து போனாலும் நீர் கொட்டும். கண்ணை நனைக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் சரியில்லாவிட்டால் கண் சீக்கிரம் காய்கிறது. காய்ந்த இடம் உறுத்துகிறது. உறுத்தலுக்குப் பதிலாகச் சுரப்பி மொத்தமாக நீரைக் கொட்டிவிடுகிறது. ஓ.எம்.ஆர். பக்கம் ஏ.சி. அறையில் பத்து மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, ராத்திரி பைக்கில் எதிர்க்காற்றில் வீடு திரும்பும் பிள்ளைகளின் ‘கண்ணில் தண்ணி’ பெரும்பாலும் இந்த ரகம். அவர்களுக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடமும், அடிக்கடி இமைக்கிற பழக்கமும். குழாயில் கை வைக்கவே கூடாது.

இமை உள்பக்கம் திரும்பி முடி கண்ணில் குத்துவது, வயதானவர்களுக்குக் கீழ் இமை தொய்ந்து வெளியே திரும்பித் துளை கண்ணை விட்டு விலகிவிடுவது, அலர்ஜி, வெள்ளை விழியின் மேல்தோல் மடிந்து துளையை மறைப்பது என்று இன்னும் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. தொய்ந்த இமையைச் சரிசெய்யாமல் குழாய்க்கு ஆபரேஷன் செய்தால் பணம்தான் போகும், நீர் அப்படியே வடியும்.

வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு கண்ணிலும் நீர், கூடவே அரிப்பு அல்லது எரிச்சல், டிவியோ போனோ பார்த்தால் அதிகம் என்றால் குழாய் அடைப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஒரே கண்ணில், நாள் முழுக்க, துடைத்தால் மறுபடி நிறைந்து கன்னத்தில் இறங்குகிறது, காலையில் பீளை ஒட்டிக்கொள்கிறது, கண்ணின் மூக்கோர மூலையை விரலால் அழுத்தினால் கோழை போல ஏதோ கண்ணுக்குள் திரும்பி வருகிறது என்றால், அடைப்பு என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். உங்கள் அம்மாவின் கதை இரண்டாவது பக்கம் சாய்கிறது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். மெட்ராஸ் ஐ ஓரிரு வாரத்தில் போய்விடும். ஒரு வருடம் உட்காராது.

சரி, டக்ட் டெஸ்ட். புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படுக்க வைத்து, கண்ணில் மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவார்கள். கீழ் இமையின் துளையைக் கூரான சின்னக் கம்பியால் கொஞ்சம் அகலப்படுத்தி, முனை மழுங்கிய மெல்லிய வளைந்த ஊசியை உள்ளே விட்டு, சிரிஞ்சிலிருந்து சலைனை மெதுவாகத் தள்ளுவார்கள். ‘தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா? உப்புக் கரிக்குதா? முழுங்குங்க பார்ப்போம்’ என்பார்கள். பாதை திறந்திருந்தால் அந்த அம்மா தன்னையறியாமல் எச்சில் விழுங்குவதைத் தொண்டையில் பார்க்கலாம். வாயால் சொல்லும் பதிலைவிட அந்த விழுங்கலைத்தான் நான் நம்புவேன். பயத்தில் ‘வருது, வருது’ என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் எழுந்து ஓடப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

இதில் முக்கியம், நீர் போகாவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்பது. கீழ்த் துளையில் விட்ட நீர் மேல் துளை வழியாகத் திரும்பினால், நுண்குழாய்கள் திறந்திருக்கின்றன, அடைப்பு பைக்குக் கீழே குழாயில் என்று பெரும்பாலும் அர்த்தம். அது கோழையோ சீழோ கலந்து வந்தால் பைக்குள் கிருமி குடியிருக்கிறது. விட்ட துளையிலேயே திரும்பினால் அடைப்பு முன்பகுதியில், நுண்குழாயிலேயே இருக்கிறது. அது கொஞ்சம் தொல்லை பிடித்த வகை. பாதி தொண்டைக்கும் பாதி வெளியேயும் வந்தால் குறுகல். சீட்டில் வெறுமனே ‘டக்ட் அடைப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கே அடைப்பு, முழுதா பாதியா, சீழ் இருந்ததா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இனி வரப்போகும் வைத்தியம் முழுக்க இந்த மூன்று பதிலில்தான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிரிஞ்சில் அழுத்தம் கொடுத்துத் தள்ளும்போது போகிற நீர், சாதாரணமாக இமைக்கும்போதும் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ‘டக்ட் ஃப்ரீ’ என்று வந்தும் நீர் வடிந்தால், மஞ்சள் சாயம் தடவிய தாளால் கண்ணைத் தொட்டு, ஐந்து நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். ஒரு கண்ணில் சாயம் போய்விட்டு மற்றதில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் வடிகால் மந்தம் என்று தெரிந்துவிடும். மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பதும் நல்லது. குழாய் போய்த் திறக்கும் இடம் மூக்கில்தானே. விபத்து, பழைய ஆபரேஷன், கட்டி பற்றிய சந்தேகம் இவை இருந்தால் சி.டி. ஸ்கேன். எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி: ஆபரேஷன் இல்லாமல் முடியுமா?

அடைப்பு வாசலில், அதாவது இமைத் துளையில் மட்டும் இருந்தால் தாராளமாக முடியும். புறநோயாளியாகவே மரத்துப்போக வைத்து, துளையை விரித்தோ சின்னதாக வெட்டி அகலப்படுத்தியோ விடுவார்கள். திரும்ப மூடாதிருக்கச் சில வாரங்களுக்கு மெல்லிய சிலிக்கான் குழல் ஒன்று வைப்பதும் உண்டு. அரை மணி நேர வேலை.

கீழ்க்குழாய் குறுகி மட்டும் இருந்தால், மூக்கு அலர்ஜிக்கு ஸ்ப்ரே கொடுத்து வீக்கத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பாதை முழுக்கச் சிலிக்கான் டியூப் ஒன்றைக் கோத்துச் சில வாரமோ சில மாதமோ விட்டுவைக்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பலூனை உள்ளே விட்டு ஊதிக் குறுகலை விரிக்கலாம். வெட்டு, தையல் எதுவும் இல்லை. சிலருக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் டி.சி.ஆர். அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை. விரித்த இடமே மறுபடி தழும்பு விழுந்து சுருங்கக்கூடும். அம்மாவின் சீட்டில் ‘பார்ஷியல்’ (பாதி அடைப்பு) என்று இருந்து, சீழும் இல்லாவிட்டால், இந்த வழியை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முழு அடைப்புக்கு இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்பி விட்டுக் குத்தித் திறப்பது பற்றியும் பலர் கேட்பார்கள், ‘பேரனுக்கு அப்படித்தான் சரியாச்சு’ என்று. பிறந்த குழந்தைக்குக் குழாயின் அடிவாசலில் மெல்லிய சவ்வு ஒன்று திறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். மசாஜிலேயே பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் கம்பி ஒரு முறை போதும். பெரியவர்களுக்கு அங்கே இருப்பது சவ்வல்ல, குழாய் நெடுகத் தழும்பு. கம்பி விட்டால் சில நாள் நீர் போகும், பிறகு முன்னைவிட இறுக்கமாக மூடும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல நிலையில் இருக்கும் மேல் நுண்குழாயும் கிழிந்து தழும்பாகிவிடும். அதன் பிறகு டி.சி.ஆரும் சுலபமாக இருக்காது. மாதாமாதம் ‘டக்ட் கழுவி விடுகிறேன்’ என்று அழைக்கிற இடங்களைப் பற்றியும் என் அபிப்பிராயம் இதேதான்.

சொட்டு மருந்து? ஆன்டிபயாடிக் சொட்டு பீளையைக் கொஞ்ச நாள் குறைக்கும், அடைப்பைத் தொடாது. நீங்களாகக் கடையில் வாங்குவதில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு இருந்தால் ஆபத்து. போட்ட உடனே சிவப்பு போய் ‘ஆஹா’ என்றிருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். ஏற்கெனவே தேங்கி நிற்கும் நீரில் கிருமியைக் கொண்டுபோய் விடுகிற வேலைதான் அது. பாட்டி செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. சுத்தம் செய்யாத எதையும் விழிமேல் ஊற்றாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முழு அடைப்புக்கு வருவோம். டி.சி.ஆர். என்பது புது விஷயம் இல்லை. இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904-ல் எழுதி வைத்த யோசனை. அடைத்த குழாயோடு மல்லுக்கட்டாமல், கண்ணீர்ப்பையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் மூக்குக்குள் நேராகப் புதுவழி விடுவது. மெட்ரோ வேலைக்காக ஒரு சாலையை மூடிவிட்டுப் பக்கத்துத் தெருவில் வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்களே, அந்த மாதிரி. பைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு எலும்புச் சுவர்தான் தடை. அதில் ஒரு பகுதி காகிதம் போல மெல்லியது, முன்பக்கம் சற்றே தடிப்பு. அந்தச் சுவரில் சுமார் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு எலும்பை எடுத்துவிட்டு, பையைத் திறந்து மூக்கின் உள்தோலோடு சேர்த்துவிடுகிறார்கள். ‘மூக்கெலும்பில் ஓட்டை’ என்று காதில் விழுவது இதுதான். மூக்கின் வடிவமோ மூச்சோ மாறாது. அந்த எலும்பு போனதால் முகம் பலவீனமாகவும் ஆகாது.

செய்வதற்கு இரண்டு வழி. வெளியிலிருந்து செய்வதில், மூக்கின் பக்கவாட்டில், மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தை ஒட்டி ஒன்று, ஒன்றரை செ.மீ. அளவில் வெட்டு விழும். மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுச் செய்வதில் வெளியே வெட்டே இல்லை. கை தேர்ந்தவர்கள் செய்தால் இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நீர் வடிவது நிற்கிறது. லேசரில் செய்வது கேட்க நவீனமாக இருக்கும். ஆனால் அதில் திறப்பு சின்னதாக இருந்து மூடிக்கொள்வது அதிகம் என்பதால் அதன் மேல் எனக்கு மோகம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் மருத்துவர் எதை வாரந்தோறும் செய்கிறாரோ அதை. இது மழுப்பல் பதில் இல்லை. வெளிவழியில் இருபது வருடக் கை உள்ளவரிடம் போய் ‘எண்டோஸ்கோப்பில்தான் வேண்டும்’ என்று அடம்பிடிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பவர்கள், இளம் வயதினர், தழும்பு தடித்து மேடாகும் சருமம் உள்ளவர்கள் உள்வழியைப் பற்றி யோசிக்கலாம். அதே மயக்கத்தில் வளைந்த தண்டையும் சரிசெய்துவிடலாம். 57 வயதுப் பெண்மணிக்கு வெளித்தழும்பு சில மாதங்களில் மங்கி, தேடிப் பார்த்தால்தான் தெரிகிற கோடாக நின்றுவிடும். தழும்புக்குப் பயந்து ஆபரேஷனையே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம்.

ஆபரேஷன் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் செய்யலாம், முழு மயக்கத்திலும் செய்யலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் மூக்கு ரத்தம் கசிகிற இடம். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். ஆபரேஷன் என்றதும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு நெஞ்சுவலியோடு வருவது, கண்ணில் நீர் வடிவதைவிட ஆயிரம் மடங்கு மோசம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வீட்டாருக்கு வேலை. முதல் ஓரிரு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கலந்து கசியும். பதறாதீர்கள், கொட்டினால் மட்டும் ஓடுங்கள். தலைக்கு இரண்டு தலையணை. முதல் நாள் சூடான காபி, சூடான ரசம் வேண்டாம். மூக்கைச் சிந்தக் கூடாது, மருத்துவர் சொல்லும்வரை, ஓரிரு வாரமாவது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். வெளித்தையலை ஒரு வாரம் போலப் பிரிப்பார்கள். உள்ளே சிலிக்கான் டியூப் வைத்திருந்தால் கண்ணின் மூலையில் கண்ணாடி இழை போல ஒரு வளையம் தெரியும். தூக்கத்தில் தேய்த்து அது வெளியே வந்து தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மூக்கோரத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள். டியூபை எடுப்பது ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். அதுவரை கொஞ்சம் நீர் வடிந்தால் ஆபரேஷன் தோற்றது என்று முடிவு கட்டாதீர்கள்.

பிறகு ஒரு நாள் அம்மா மூக்கைச் சிந்தும்போது கண் மூலையில் குபுக்கென்று காற்று வருகிறது என்று பயந்து சொல்வார். நல்ல செய்தி அது. வழி திறந்திருக்கிறது.

தோற்பதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. திறந்த வழியில் தழும்பு வளர்ந்து மூடுவதுதான் வழக்கமான காரணம். பெரும்பாலும் மறுபடி செய்து திறக்க முடியும். நுண்குழாய்களே முழுதாக அழிந்துபோனவர்களுக்கு டி.சி.ஆர். மட்டும் போதாது, கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்குக் கண்ணாடிக் குழல் ஒன்றை நிரந்தரமாக வைக்க வேண்டி வரும். பராமரிப்பு அதிகம் கேட்கிற ஏற்பாடு அது. அந்த நிலைக்குப் போகாமலிருக்கத்தான் தேவையில்லாத கம்பிக் குத்தல்களை வேண்டாம் என்றேன்.

தளர்ந்துபோன முதியவர், நீண்ட ஆபரேஷன் தாங்காது, ஆனால் பையில் சீழ் இருக்கிறது என்றால் டி.சி.டி. என்று பையையே எடுத்துவிடுவார்கள். சீழ் நின்றுவிடும், நீர் வடிவது நிற்காது. இதை முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘ஆபரேஷன் பண்ணியும் தண்ணி வருதே’ என்ற மனக்குறை வரும்.

புரை ஆபரேஷனுக்குப் போனவரை ‘டக்ட் அடைப்பு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. இதில் நான் மருத்துவமனை பக்கம்தான். பையில் தேங்கிய சீழில் இருக்கும் கிருமி, புரைக்காகத் திறந்த கண்ணுக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். முதலில் டி.சி.ஆரோ டி.சி.டி.யோ செய்து, சில வாரம் ஆறவிட்டு, பிறகு புரையைத் தொடுவதுதான் முறை. அம்மாவுக்குப் புரையும் ஆரம்பித்திருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள். கண் மூலைக்குக் கீழே, மூக்கோரமாகச் சிவந்து வீங்கி, தொட முடியாத வலியோடு காய்ச்சலும் வந்தால் அது பையில் சீழ்க்கட்டி. அழுத்தாதீர்கள், மஞ்சள் சந்தனப் பற்றுப் போடாதீர்கள், அந்த நேரத்தில் டக்ட் டெஸ்ட்டும் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்; சர்க்கரை உள்ளவர்கள் இரட்டிப்பு வேகத்தில். வீக்கம் இமை முழுக்கப் பரவி, பார்வை மங்கினாலோ கண்ணை அசைக்க முடியாவிட்டாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். சீழ் வடிந்து ஆறிய பிறகு டி.சி.ஆரைத் தள்ளிப்போட வேண்டாம், திரும்ப வரும்.

இன்னொன்று, கண்ணீரில் ரத்தம். அதோடு மூலையில் கெட்டியான வீக்கமும் இருந்தால் கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்யாமல் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. குளம் குட்டையில் குளித்து வளர்ந்தவர்களுக்கு மூக்கிலும் கண்ணீர்ப்பையிலும் வரும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்றும் இப்படி ரத்தம் காட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது அதிகம். சென்னையில் குடியேறிப் பல வருடம் ஆனாலும், சொந்த ஊரில் ஊருணிக் குளியல் உண்டா என்று நான் கேட்பது அதற்காகத்தான்.

எங்கே போவது? ஓகுலோபிளாஸ்டி (இமையையும் கண்ணீர்ப்பாதையையும் பார்க்கும் பிரிவு) அல்லது கண்ணீர்ப்பாதைப் பிரிவு தனியாக உள்ள இடமாகப் பாருங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. பணம் ஒரு தடையாக இருந்தால் தயங்காமல் அங்கே போகலாம். வரிசை நீளம், காலையிலேயே கிளம்புங்கள். சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளிலும் தனிப் பிரிவு உண்டு. தனியார் இடத்தில் செலவைக் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். சிலிக்கான் டியூப், மயக்க மருந்து, எண்டோஸ்கோப் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ இருந்தால் இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு மேசையில் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, இப்போதே செய்தாக வேண்டுமா என்பது. வெறும் நீர் மட்டும் வடிகிறது, சீழ் இல்லை, சர்க்கரை இல்லை, புரை ஆபரேஷன் பக்கத்தில் இல்லை, அம்மாவுக்கும் அது பெரிய தொந்தரவாக இல்லை என்றால் காத்திருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு காலையும் இரவும் மூலையை மெதுவாக அழுத்தித் தேங்கியதை வெளியேற்றி, சுத்தமான துணியால் ஒற்றியெடுத்தால் ஒட்டல் குறையும். அடைப்பு போகாது, ஆனால் நாள் ஓட்டலாம். புடவைத் தலைப்பால் தேய்த்துத் துடைக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கீழ் இமை தொய்ந்து நீர் இன்னும் அதிகம் வழியும். அழுத்தினால் சீழ் வருகிறது, அல்லது ஒரு முறையாவது வீங்கிச் சிவந்திருக்கிறது என்றால் இந்தக் காத்திருப்பு அவருக்குப் பொருந்தாது, தேதி வாங்கிவிடுங்கள்.